அண்ணன் சிரித்த ஞாயிற்றுக்கிழமைகள்

ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டுத் தொடங்குகிறேன். எண்பதுகளின் நடுவில் ஒரு திங்கட்கிழமை முற்பகல், ஆவடி குவார்ட்டர்ஸ் வீட்டின் கொல்லைப்புறத்தில், வெந்நீர் அடுப்பில், என் அண்ணனின் நோட்டு ஒன்றை எரித்தேன். அவர் ராணுவ ரகசியங்களை யாருக்கோ விற்கிறார் என்று நான் உறுதியாக நம்பியதுதான் காரணம். அப்போது எனக்கு முப்பது வயது. பட்டதாரி. படிக்க வைத்தவரும் அந்த அண்ணன்தான். எரித்த அன்று காலையில் சாப்பிட்ட ஆறு இட்லியும் அவருடையவைதான்.

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்கள் பலருக்கு நோட்டு சமாச்சாரம் தெரியாது. ஆனால் வேறொன்று தெரியும். ஞாயிறுதோறும் அண்ணன் பூந்தமல்லியில் இங்கிலீஷ் படக் காலைக்காட்சிக்குப் போவார் என்பது. அந்தக் காலத்தில் புறநகர்க் கொட்டகைகளில் காலைக்காட்சி இங்கிலீஷ் படம் என்றால் என்ன பொருள் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. விளக்கம் தேவைப்படாத வயதில்தான் நாம் எல்லோரும் இருக்கிறோம். பதினாறாம் நாள் காரியத்தின்போதுகூட, பந்தல் ஓரமாக என்னை அழைத்துப்போன ஒரு பெரியவர், "கடைசி வரைக்கும் போய்க்கினுதான் இருந்தாரா?" என்று துக்கம் விசாரிக்கும் குரலிலேயே விசாரித்தார்.

அண்ணன் பெயரைக் காப்பாற்றியிருக்கக்கூடிய ஒரே சாட்சி அந்த நோட்டு. அதைச் சாம்பலாக்கியவன் நான். ஆகவே நோட்டுக்குப் பதிலாக இந்தக் கட்டுரை.

அண்ணன் அரக்கோணத்தில் பிறந்தார். அப்பா ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கும் வேலை. அவர் இறந்தபோது அண்ணனுக்குப் பத்தொன்பது வயது, எனக்கு ஏழு, நடுவில் ஓர் அக்கா. ஐ.டி.ஐ. படிப்பை முடித்த கையோடு ஆவடி பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் சேர்ந்தார். எங்களையும் அம்மாவையும் அழைத்து வந்தார். அக்காவுக்குக் கல்யாணம் செய்து வைத்தார். அம்மாவைக் கடைசிவரை தன்னோடு வைத்துப் பார்த்துக்கொண்டார். என்னைக் கல்லூரிக்கு அனுப்பினார். இவ்வளவையும் முடித்துவிட்டுத்தான் தனக்குப் பெண் பார்க்கச் சம்மதித்தார். கரையான்சாவடியிலிருந்து அண்ணி வந்தார். இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தார்கள்.

தொழிற்சாலையில் அண்ணன் இருந்தது ஆய்வுப் பிரிவு. செய்து முடித்த டாங்கி உறுப்புகள் அவர் மேசைக்கு வரும். அளந்து பார்ப்பார். நூலிழை கூடினாலும் குறைந்தாலும் 'தள்ளு' என்று எழுதித் தள்ளி வைப்பார். முப்பது வருடம் இதைச் செய்தால் முகம் என்னவாகும் என்பதற்கு அவர் முகமே அத்தாட்சி. அவர் சிரித்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. கல்யாணத்தில் போட்டோ எடுத்தவர் மூன்று முறை "கொஞ்சம் சிரிங்க சார்" என்று கேட்டுவிட்டு, அண்ணன் திரும்பி ஒரு பார்வை பார்த்ததும், தானும் சிரிப்பதை நிறுத்திக்கொண்டு எடுத்த படம்தான் இந்த மலரின் உள்ளட்டையில் இருக்கிறது.

தொழிற்சாலைக்குள் நடப்பதை வெளியே பேசக் கூடாது என்பது விதி. மற்றவர்கள் அதை முடிந்த அளவு கடைப்பிடித்தார்கள். அண்ணன் அந்த விதியை விரிவுபடுத்தி, வெளியே நடப்பதையும் பேசாமல் விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்குச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு சைக்கிளில் கிளம்புவார். இரண்டரைக்குத் திரும்புவார். எங்கே என்று யாரும் கேட்டதில்லை. அவரிடம் கேள்வி கேட்கும் பழக்கம் எங்கள் வீட்டில் இருந்ததில்லை.

முதலில் சந்தேகப்பட்டவர் அண்ணி. ஒருநாள் காய் நறுக்கிக்கொண்டே என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"தம்பி, இவரு எங்கியோ போய் சிரிச்சிட்டு வர்றாரு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எப்படித் தெரியும் என்று கேட்டேன். கண்ணோரத்தில் ஈரம் காய்ந்த தடம் இருக்கிறது என்றார். அழுத தடமாக இருக்கலாமே என்றேன். "அழுதா மூக்கு செவக்கும். இது அது இல்ல. கன்னம் தளர்ந்து வருது" என்றார். ஆய்வுப் பிரிவில் அண்ணிக்கும் ஒரு மேசை போட்டிருக்கலாம் என்று அப்போது நினைத்தேன்.

அடுத்த வாரம் துணி ஊறவைக்கும்போது அண்ணனின் காற்சட்டைப் பையிலிருந்து கையடக்க நோட்டு ஒன்று கிடைத்தது. பொடிப்பொடியாக, கட்டம் கட்டமான அவர் எழுத்து. முழுவதும் நிரம்பியிருந்தது. எனக்கு இன்றும் மறக்காத சில வரிகள்:

'தோட்டா ஆறு. சுட்டது ஒன்பது. தள்ளு.'

'குதிரை ஆற்றில் இறங்கும்போது பழுப்பு. கரையேறும்போது கறுப்பு. தள்ளு.'

'பாலம். வெடிமருந்து நனைந்துவிட்டது. ஏழு பேர் சுற்றி நின்று ஊதிக் காயவைக்கிறார்கள். மிக நன்று.'

'கயிறு பற்றாக்குறை. தூக்கு ஒத்திவைப்பு. கைதி உட்பட அனைவருக்கும் சாப்பாடு. மிக மிக நன்று.'

இதைப் படித்த ஒரு சாதாரண மனிதனுக்கு என்ன தோன்றியிருக்குமோ தெரியாது. நான் சாதாரண மனிதன் இல்லை. துப்பறியும் நாவல்களாகப் படித்துத் தள்ளியவன். இரண்டு பத்திரிகைகளில் துணுக்குகள் எழுதியவன். பாலம், வெடிமருந்து, தோட்டா என்ற சொற்களைப் பார்த்ததுமே எனக்கு வியர்த்துவிட்டது. ஆற்றைக் கடக்கும் குதிரை என்றால் ஆற்றைக் கடக்கும் டாங்கி. கரையேறியதும் நிறம் மாறுகிறது என்றால் எதிரியின் கண்ணில் படாமலிருக்க ஏதோ புதிய பூச்சு. குவார்ட்டர்ஸில் ஐந்து நிமிடம் வாழ்ந்தவர்களுக்குக்கூட இது புரியும். தூக்கு என்ற சொல், பிடிபட்டால் என்ன ஆகும் என்பதற்கான குறிப்பு. அதற்குப் பக்கத்தில் 'மிக மிக நன்று' என்று ஏன் எழுத வேண்டும் என்பது மட்டும் இடித்தது. கொள்கைப் பிடிப்பாக இருக்கலாம் என்று அதையும் சமாதானம் செய்துகொண்டேன்.

அண்ணியிடம் என் முடிவைச் சொன்னபோது அவர் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். வேலை போகும், குவார்ட்டர்ஸ் போகும், இரண்டு பெண் குழந்தைகளோடு நடுத்தெருவில் நிற்க வேண்டும். அவரையே கேட்டுவிடலாமே என்றார் பாவம். ஒற்றர்களிடம் நேரடியாகக் கேட்கக் கூடாது, உஷாராகிவிடுவார்கள் என்று நான்தான் அதட்டினேன். ஆதாரத்தை அழித்துவிடுவதுதான் குடும்பத்துக்கு நல்லது என்றேன். வெந்நீர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நாலைந்து வருட எழுத்து இருந்திருக்கும். ஒரு குளியலுக்கான வெந்நீர்கூடக் காயவில்லை.

இந்த நிலையில் கரையான்சாவடி மாமா வந்து சேர்ந்தார். அண்ணியின் மூத்த சகோதரர். மெயின் ரோட்டில் ஆணி, கதவுத் தாழ்ப்பாள் விற்கும் கடை வைத்திருப்பவர். நோட்டைப் பற்றி அவரிடம் மூச்சு விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை விவகாரத்தை மட்டும் அண்ணி சொன்னார். மாமா ஆச்சரியப்படவே இல்லை. தன் கடை வாசலைத் தாண்டித்தான் மாப்பிள்ளை வாராவாரம் பூந்தமல்லிக்குப் போகிறார் என்றார். ஒருநாள் கடைப் பையனை விட்டுவிட்டுத் தானே பின்னால் போய்ப் பார்த்தாராம்.

"காலைக்காட்சி. கொட்டாய்ல ஒட்டிக்கீறான் பாரு போஸ்டரு, அத்த ஊட்டாண்ட வாயால சொல்ல முடியாது. மாப்ள நல்ல மனுசன்தான். நாப்பது வயசுல இப்பிடிக் கொஞ்சம் ஆவறது உண்டு. விட்டுப் புடிக்கணும்."

தேசத் துரோகம் இல்லை, வெறும் ஒழுக்கக்கேடுதான் என்று தெரிந்ததும் எனக்குத் தலையிலிருந்து ஒரு மலை இறங்கியது போல் இருந்தது. அண்ணிக்கு அப்படி இல்லை. மாமாவை வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார். பிறகு சொன்னார்:

"நீங்க சொன்னதே இருந்திருக்கலாம் தம்பி. நாட்டை வித்தாருன்னா, புள்ளைங்களுக்காகன்னு நெனச்சிக்கலாம். இதுக்கு நான் இன்னா நெனச்சிக்கறது?"

வருகிற ஞாயிறு நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும்; உண்மையென்றால் திங்கட்கிழமை அண்ணி குழந்தைகளோடு கரையான்சாவடிக்குப் போய்விடுவதாக முடிவு. வெறும் வாயால் சொல்கிறவர் இல்லை அவர். பெட்டியைப் பரண்மேலிருந்து இறக்கித் துடைத்து வைத்துவிட்டார்.

அந்த ஞாயிறு நான் வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு, தலையில் துண்டும் கண்ணில் கறுப்புக் கண்ணாடியுமாக, பருத்திப்பட்டு வழியாக அண்ணனைப் பின்தொடர்ந்தேன். மாறுவேடம் நன்றாக அமைந்திருந்தது என்றே நினைத்தேன். வழியில் எதிர்ப்பட்ட இரண்டு பேர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நலம் விசாரித்ததைப் பொருட்படுத்தவில்லை.

மாமா பொய் சொல்லவில்லை. போஸ்டர் அப்படித்தான் இருந்தது. அண்ணன் அதை ஏறிட்டும் பார்க்காமல், தொழிற்சாலைக் கதவுக்குள் நுழைவதுபோல் நுழைந்தார். நானும் டிக்கெட் வாங்கி நாலு வரிசை பின்னால் உட்கார்ந்தேன். பெட்டியைத் துடைத்து வைத்த அண்ணியின் முகம் நினைவுக்கு வந்தது. வெளியே போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். தெரியாமலிருந்தால் பொய் சொல்ல வேண்டியிருக்காது.

படம் தொடங்கியது. போஸ்டரில் இருந்த பெண் படத்தில் இல்லை. பெண்ணே இல்லை என்று சொல்லிவிடலாம். குதிரைகள் இருந்தன, புழுதி இருந்தது, குளிக்காத ஆண்கள் நிறைய இருந்தார்கள். கௌபாய் படம். போஸ்டரை நம்பி வந்த கூட்டம் கால்மணி நேரம் பொறுமையாகக் காத்திருந்தது. ஒரு காட்சியில், ஊர்த் தெருவில் இரண்டு துப்பாக்கிக்காரர்கள் எதிரெதிரே நிற்கிறார்கள். கை இடுப்பில். அப்போது நடுவில் ஒரு கிழவி பத்துப் பன்னிரண்டு கோழிகளை ஓட்டிக்கொண்டு தெருவைக் கடக்கிறாள். இருவரும் காத்திருக்கிறார்கள். எல்லாம் போன பிறகு ஒரு கோழி மட்டும் திரும்பி வந்து நடுத்தெருவில் நின்றுகொள்கிறது. ஒருவன் தொப்பியால் விரட்டுகிறான். போகவில்லை. மற்றவன் துப்பாக்கியை உறையில் போட்டுவிட்டு வந்து அவனுக்கு உதவுகிறான்.

"டேய் சுட்றா! கோழி காட்றதுக்கா துட்டு வாங்குனே?" என்று முன்வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார். விசில் பறந்தது. நாற்காலிகளை உதைத்தார்கள்.

அந்த அமளியின் நடுவே ஒரே ஒரு முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது. அண்ணன். சத்தம் இல்லை. தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். பிறகு, அனிச்சையாகக் காற்சட்டைப் பைக்குள் கைவிட்டார். தேடினார். இன்னொரு பையில் தேடினார். கிடைக்காமல், டிக்கெட்டின் கிழிந்த பாதியைத் திருப்பி, திரையின் வெளிச்சத்தில் பிடித்து, அதில் என்னவோ எழுதினார்.

அடுப்பில் போட்டது என்ன என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

இடைவேளையில் நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். அண்ணன் இரண்டு டீயோடு நேராகத் தூணுக்கு வந்தார். ஒன்றை என் கையில் கொடுத்தார்.

"சைக்கிளைப் பூட்டினியா?" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. மிச்சப் படத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோம்.

திரும்பும்போது பருத்திப்பட்டு ஏரி அருகே வந்ததும், முன்னால் பார்த்துக்கொண்டே, நோட்டைப் பார்த்தாயா என்று கேட்டார். எரித்துவிட்டேன் என்றேன். சைக்கிள் கொஞ்சம் ஆடியது. ஏன் என்றார். சொன்னேன். பாலம், வெடிமருந்து, நிறம் மாறும் டாங்கி எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அடி விழும் என்றுதான் நினைத்தேன்.

அண்ணன் இறங்கி சைக்கிளை நிறுத்தினார்.

"எந்த நாட்டுக்குடா வித்தேன்? குதிரையில வர்ற நாட்டுக்கா?"

அவ்வளவுதான். தோள் குலுங்க ஆரம்பித்தது. இந்த முறை சத்தமும் வந்தது. பழக்கமில்லாத தொண்டை என்பதால் அது தும்மலுக்கும் இருமலுக்கும் இடைப்பட்ட ஓசையாக இருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏரிக்கரையில் உட்கார்ந்துவிட்டார். நாலு வருட நோட்டை எரித்தவனைப் பார்த்து ஒரு மனிதர் அப்படிச் சிரிப்பதை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. எனக்கு அழுகை வந்தது. அதைப் பார்த்து இன்னும் சிரித்தார்.

அடங்கியதும் ஒரு கட்டளை போட்டார். அண்ணிக்கு மட்டும் சொல்லலாம். வேறு யாருக்கும் கூடாது. மாமாவுக்கு அறவே கூடாது. மாமா கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஆய்வுப் பிரிவுக்கு உறுப்பு கொண்டுவருகிறவர்கள். "நான் அந்த மாதிரிப் படம் பாக்குறேன்னு நெனச்சா அப்பவும் பயப்படுவான். கோழியைப் பாத்து சிரிச்சேன்னு தெரிஞ்சா எவனும் பயப்பட மாட்டான். அப்புறம் நான் எப்படித் தள்ளுவேன்?" என்றார்.

அண்ணியிடம் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, சிரிக்கத்தான் போகிறார் என்றால் அதை வீட்டிலேயே செய்தால் என்ன என்று கேட்டார். பாதிதான் நம்பினார் என்று நினைக்கிறேன். ஆனால் பெட்டி பரணுக்குப் போய்விட்டது.

வெளியே கதை நின்றபாடில்லை. பத்துப் பன்னிரண்டு வருடம் அண்ணன் அந்தப் பெயரைச் சுமந்தார். கரையான்சாவடியில் விசேஷங்களுக்கு வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து கேசட் போடும்போதெல்லாம், "மாப்ள, நீ கொஞ்சம் அப்பிடிக் காத்தாட நட" என்று மாமா அவரை வெளியே அனுப்பிவிடுவார். குழந்தைகள் நிறைந்த வீடு, மாப்பிள்ளைக்கு எதைப் பார்த்தாலும் புத்தி கெடும் என்ற அக்கறை. அண்ணன் மறுபேச்சில்லாமல் எழுந்து போய் வாசலில் நிற்பார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். தன் மேசையின் மரியாதைக்காக, தன் பெயரைத் தானே 'தள்ளு' என்று ஒதுக்கி வைத்தவர் அவர்.

தொண்ணூறுகளில் வீட்டிலேயே டெக் வந்தது. அம்பத்தூரில் ஒரு கடையில், யாரும் தொடாத மூலையில், அந்தக் கௌபாய் படங்கள் இருந்தன. மதிய வேளைகளில் ஒலியைக் குறைத்து வைத்துப் பார்ப்போம். அண்ணன் எதையும் விளக்க மாட்டார். பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தோள் எப்போது குலுங்குகிறது என்று கவனித்துத்தான் நான் கற்றுக்கொண்டேன். சிரிப்பு சுடுகிற இடத்தில் இல்லை. சுட்ட பிறகு தன் தொப்பி எங்கே என்று தேடுகிற இடத்தில் இருக்கிறது. கொள்ளைக்காரர்கள் வங்கிக்குள் நுழைகிற இடத்தில் இல்லை. வரிசையில் நிற்கச் சொன்னதும் நிற்கிறார்களே, அங்கே இருக்கிறது. தூக்குமேடையில் கயிறு போதவில்லை என்று ஊர்க்காரர்கள் கூடி, புதுக் கயிறு வாங்க யார் கையெழுத்துப் போடுவது என்று சண்டையிடும் படம் மறுபடி கையில் கிடைத்தபோது, அண்ணன் அதை ஒரே வாரத்தில் மூன்று முறை பார்த்தார். தொழிற்சாலையில் கயிறு வாங்குவதும் அப்படித்தானா என்று கேட்டேன். அது ரகசியம், சொல்லக் கூடாது என்றார். நிஜமாகவே சொன்னாரா, கிண்டலா என்பது எனக்கு இன்றுவரை சந்தேகம்.

ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும்போது சிறுநீரகம் பழுதானது. படுக்கையில் இருந்த மாதங்களில் உடம்பு வற்றிவிட்டது. ஊசி போட நரம்பு அகப்படாது. நர்ஸ் அம்மா மிகுந்த பொறுமைசாலி; ஒவ்வொரு முறையும் அவர்தான் கண்கலங்குவார். ஒருநாள் இரண்டு கையிலும் மாறி மாறிக் குத்தியும் ஆகவில்லை. அண்ணன் என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "ஒன்பது ஆச்சு தம்பி. துப்பாக்கியில ஆறுதான்." தோள் ஒரு தடவை ஏறி இறங்கியது. நர்ஸ் அம்மா, வலியில் பிதற்றுகிறார் என்று நினைத்து நெற்றியைத் தடவிக்கொடுத்தார். நான் விளக்கவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலை அண்ணன் போய்விட்டார்.

அந்த நர்ஸ் அம்மாவுக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மாற்றி மாற்றி ரத்தம் கொடுத்த ஆய்வுப் பிரிவுத் தோழர்களுக்கும் (அவர் தள்ளிய உறுப்புகளுக்காக அவரை மன்னித்ததற்கும் சேர்த்து), அண்ணன் பெண்களுக்குப் பசி தெரியாமல் பார்த்துக்கொண்ட குவார்ட்டர்ஸ் வீடுகளுக்கும், காரியத்தை முன்னின்று நடத்திய கரையான்சாவடி மாமாவுக்கும் கைகூப்பி நிற்கிறேன். இனி அண்ணனின் மேசைக்குப் பயப்பட யாரும் இல்லை. அதனால்தான் அவர் கட்டளையை மீறி இதையெல்லாம் எழுதினேன். அண்ணன் ஞாயிறுதோறும் போனது சிரிப்பதற்காக. அதைத் தவிர வேறொன்றும் இல்லை.

அச்சுக்குக் கொடுக்கும் முன் மாமாவிடம் காட்டுவதுதான் முறை என்று கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். யார் நம்பாவிட்டாலும் அவர் நம்பினால் போதும் என்பது என் எண்ணம். மாமா கண்ணாடி போட்டுக்கொண்டு, வந்தவர்களைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, ஒரு வரி விடாமல் இரண்டு முறை படித்தார். தாள்களை மடித்து என்னிடம் கொடுத்தார். என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"சோக்கா எழுதிக்கீறே நைனா," என்றார். "அப்போ இத்தினி வருசமா ரெண்டு பேருமாத்தான் போய்க்கினு இருந்தீங்களா?"